கனத்த கோட்டும் காணாத அணுவும்

இந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் யாரும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. கோட்டைக் கழற்றிக் கொடு என்கிறார்கள். ஜெர்மனிக்கு வந்த புதிதில் என்னை முதன்முதலாக விருந்துக்கு அழைத்த வீட்டில், கதவைத் திறந்த அம்மாள் இரண்டு கைகளையும் நீட்டி என் கோட்டைக் கேட்டார். அன்று காலையில்தான் அதைப் பழைய சாமான் சந்தையில் வாங்கியிருந்தேன். கறுப்புக் கம்பளி, என் அளவுக்கு இரண்டு மடங்கு, முழங்காலுக்குக் கீழே தொங்கும், தூக்கினால் தோள் வலிக்கும். வாங்கிய அன்றே ஒருவர் வந்து கேட்டால் கொடுக்க மனசு வருமா? "வேண்டாம், நானே வைத்துக்கொள்கிறேன்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மன் மொழியில் சொன்னேன். அந்த அம்மாளுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது. வெப்ப நாட்டுப் பையன், வீட்டுக்குள்ளும் குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்து அறையின் சூட்டைக் கூட்டிவிட்டார். கோட்டுக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டே உருளைக்கிழங்கு சூப் குடித்தேன்.

இப்போது பழகிவிட்டது. நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம் ஊருக்கு வெளியே, பைன் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. எங்கள் பிரிவுக்குள் நுழைந்ததும் சுவரில் நீளமாக ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணிக்கும் மேலே ஒரு பெயர். 'கார்டரோபே' என்று இதைச் சொல்கிறார்கள். குளிர்காலம் முழுக்க இந்த ஆணிகள்தான் எங்கள் வருகையைச் சொல்லும். எங்கள் செயலாளர் ஃப்ராவ் லிண்டே, யாருக்காவது தொலைபேசி வந்தால் அறை அறையாகப் போய்த் தேடமாட்டார். நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளி, திறந்த கதவு வழியே ஆணிகளைப் பார்ப்பார். கோட்டுத் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார், தொங்காவிட்டால் இல்லை. ஆளை நேரில் பார்த்தாலும் அவர் இந்தக் கணக்கைத்தான் அதிகம் நம்புவார் என்று கூட வேலை பார்க்கும் ஊவே கேலி செய்வான்.

ஆளைப் பார்க்காமல் ஆள் இருப்பதைச் சொல்வதுதான் எங்கள் தொழிலும். இயற்கையாகப் பூமியில் கிடைக்கும் தனிமங்களில் யுரேனியத்தோடு ஏறக்குறையக் கனம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கனமானவை வேண்டுமென்றால் நாமே செய்து பார்க்க வேண்டும். ஈயத்தை மிக மெல்லிய தகடாக்கி, அதன் மேல் இரும்பு அணுக்களைக் கடும் வேகத்தில் விட்டு அடிக்கிறோம். கோடி கோடியாக அடித்தாலும் ஏறக்குறைய எல்லாமே வீணாகப் போகும். எப்போதோ ஒரு தடவை இரும்பின் கருவும் ஈயத்தின் கருவும் ஒட்டிக்கொண்டு கனமான ஒன்று பிறக்கும். அது கண் இமைப்பதற்குள் ஆல்ஃபா துகள் ஒன்றை உமிழ்ந்துவிட்டு இன்னொன்றாக மாறும். அதுவும் உமிழ்ந்துவிட்டு இன்னொன்றாக மாறும். தாய், மகள், பேத்தி என்றுதான் இங்கே ஆய்வுக்கூடத்திலும் சொல்கிறார்கள். தாயை யாரும் பார்த்ததில்லை. மகளும் பேத்தியும் ஏற்கனவே தெரிந்தவர்கள் என்றால், அவர்கள் விட்டுப்போன தடயத்தை வைத்து, வந்தவள் இன்னாள் என்று முடிவு கட்டுவோம். நாங்கள் அப்போது தேடிக்கொண்டிருந்தது ஒரு கனமான தனிமத்தின் புது ஐசோடோப்பு. ஒரே வீட்டு அக்கா தங்கைகள், எடை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அதுவரை யாரும் பார்க்காத ஒருத்தி எங்களுக்கு வேண்டியிருந்தது.

இந்த முறையைக் கற்றுக்கொள்ள ஜெர்மனிக்கு வந்திருக்க வேண்டியதில்லை என்று அடிக்கடி தோன்றும். மதுரை சிம்மக்கல்லில் என் தங்கை வசந்தாவின் கணவர் சௌந்தரம் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். மண்டிக்குப் புதிதாக ஒருவன் வந்தால் அவர் முகத்தைப் பார்க்கமாட்டார். எந்த ஊரு, யாரு மகன், அம்மா எந்த ஊருப் பொண்ணு என்று மூன்று கேள்வி. அதற்குள் அந்த ஆளின் சித்தப்பா சம்பந்தம் செய்த வீடு வரைக்கும் போய், "அப்ப நீ நமக்குப் பங்காளி முறைல்ல" என்று முடித்துவிடுவார். எங்களுக்கு அதற்கு இத்தனை பெரிய எந்திரமும் இத்தனை பேரும் வேண்டியிருக்கிறது.

தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது, மண்டியில் வைத்துச் சௌந்தரம் என் வேலையை விசாரித்தார். தார்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவர் ஒரு கண்ணை அங்கே வைத்துக்கொண்டு கேட்டார்.

"மச்சான், நீங்க அங்க என்னதான் செய்யிறீக?"

"ரொம்பக் கனமான பொருள் ஒண்ணத் தேடுறோம் மாப்ள."

"எம்புட்டுக் கனம்?"

"உலகத்துலயே கனமான அணு."

"சரி. எம்புட்டு எடுத்துருக்கீக?"

"இதுவரைக்கும் ஒண்ணும் கெடைக்கல. பத்து நாளைக்கு ஒரு அணு வந்தாலே நல்ல மகசூல்."

அவர் தார்களிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "ஒரு அணு. அத எங்குட்டு வச்சுக்கிருவீக?"

"வைக்க முடியாது. வந்த வேகத்துல அழிஞ்சிரும்."

அவர் மறுபடி தார்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கையைக் கொடுத்த இடம் சரிதானா என்று நான் யோசித்ததுபோல, பெண் எடுத்த இடம் சரிதானா என்று அவரும் யோசித்திருக்க வேண்டும். கடைசியில், "வாழப்பழமே தேவல மச்சான். நாலு நாளாவது நிக்கும்" என்றார். நான் விடவில்லை. ஈயத்தகடு ஒரே இடத்தில் அடி வாங்கினால் உருகிவிடும், அதனால் ஒரு சக்கரத்தில் வரிசையாகத் தகடுகளைப் பொருத்திச் சுழலவிடுகிறோம், அந்தத் தகடு ஒவ்வொன்றும் வளைந்து வாழைப்பழ வடிவத்தில்தான் இருக்கும் என்று சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. "அப்ப நம்ம யாவாரந்தான்" என்று சொல்லி எனக்கு ஒரு சீப்பு ரஸ்தாளி கொடுத்தனுப்பினார். அன்றிலிருந்து சொந்தக்காரர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது, மச்சான் வெளிநாட்டில் கனமான சாமான் தேடுகிறார் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்.

அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் எனக்கு மருமகள் பிறந்தாள். பாண்டிச்செல்வி. அவளை நான் பார்க்கவில்லை, அவளுக்கு என் போட்டோவை அனுப்பினேன். வெளிநாட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் எடுக்கும் அதே போட்டோதான். பனி கொட்டிக்கிடக்கும் தெரு, கோட்டு, புருவம் வரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி, யாரோ ஒருவருடைய காரின் மேல் ஒரு கை. படிக்கிற உங்களில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒரு படம் இருக்கும். மீதிப் பேர் இப்படி ஒரு படத்தை எடுத்து அனுப்பியிருப்பீர்கள். நான் சாய்ந்து நின்ற சிவப்புக் கார் எதிர்வீட்டுக்காரருடையது. முதல் வருஷம் ஊவே படம் எடுக்கும்போது அவர் வெளியே ஓடிவந்தார். "கார் கிளம்பவில்லையா? தள்ளிவிடட்டுமா?" என்று கேட்டார். இல்லை, இது உங்கள் கார் என்றேன். அது தெரியும், ஆனால் ஏன் அதை அணைத்துக்கொண்டு நிற்கிறாய் என்றார். ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றேன். "காரையா?" என்று திகைத்துப்போனார். அடுத்தடுத்த வருஷங்களில் பனி விழுந்த முதல் நாள் அவரே காரைத் துடைத்துத் தயாராக வைத்துவிட்டு எனக்கு மணியடிப்பார். இப்படி வருஷத்துக்கு ஒரு படம் மதுரைக்குப் போனது. எல்லாவற்றிலும் அதே கோட்டு, அதே தொப்பி, அதே கார்.

மருமகள் பிறந்தால் மாமனுக்கு ஒரு கடமை உண்டு. எங்கள் பக்கம் பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். முதல் வருஷம் என் ஆராய்ச்சிப் பட்டத்தை முடிக்கும் நெருக்கடி, போகவில்லை. மூன்றாவது வயதில் எங்களுக்கு எந்திரம் கிடைக்கும் முறை வந்துவிட்டது, போகவில்லை. இந்த எந்திரத்தைப் பல நாட்டுக் குழுக்கள் முறை வைத்துத்தான் பயன்படுத்துகின்றன. கண்மாய்த் தண்ணீர் மாதிரி, நம் முறையில் மடையில் நிற்காவிட்டால் அடுத்த வயலுக்குப் போய்விடும். இதற்குள் பாண்டிச்செல்விக்கு ஐந்தாவது வயது நடந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். தெருவில் பிள்ளைகள் 'மூளிக்காது' என்று கூப்பிடுகிறார்கள் என்று வசந்தா எழுதியிருந்தாள்.

அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாள். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கீழ்ப்புறம் அவள் வீடு. பக்கத்து வீட்டில் துளசிராம் இருக்கிறான். கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், சுங்குடிச் சேலை வியாபாரம், வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவார்கள், வெளியே வந்தால் எங்களைவிட மதுரைத் தமிழ். பாண்டிச்செல்விக்கு அம்மை ஊசி போடத் தூக்கிப்போனது அவன். தெப்பத் திருவிழாவுக்குத் தோளில் வைத்துக் காட்டியது அவன். காய்ச்சல் வந்தால் சைக்கிளை எடுப்பது அவன். 'மாசி மாசம் குலசாமி கோயில்ல வச்சுக் குத்துறதாத் தேதி குறிச்சாச்சு. இந்தத் தடவையும் நீ வரலைன்னா துளசிராம் அண்ணன் மடியில உக்காரவச்சுக் குத்திருவோம். அதுக்கப்புறம் நீ வருத்தப்படக்கூடாது' என்று எழுதியிருந்தாள். மாமன் என்கிற ஒரே ஒரு பதவிதான் ஊரில் எனக்கு மிச்சமிருந்தது. அதுவும் போகப்போகிறது என்று வாசித்தபோது பயமாகவே இருந்தது.

மாசியில்தான் எங்கள் முறையும் வந்தது. எங்கள் குழுத் தலைவர் பேராசிரியர் வோல்ட்டிடம் போய் விடுமுறை கேட்டேன். ஒரு வருஷம் காத்திருந்து கிடைத்த முறையில், எந்திரம் ஓடும்போது, ஊருக்குப் போகிறேன் என்று கேட்ட முதல் ஆள் நான்தான். குடும்பத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லை. என் தங்கை மகளுக்குக் காது குத்துகிறார்கள்."

"ஓ. அறுவை சிகிச்சையா?"

"இல்லை, கம்மல் போட. நகை செய்யும் ஆசாரி குத்துவார்."

"அவர் நல்ல தேர்ச்சி உள்ளவர்தானே? நீங்கள் எதற்கு?"

"அவள் என் மடியில் உட்கார வேண்டும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "குழந்தைக்குத் தகப்பனார் இல்லையா?"

"இருக்கிறார்."

"அவருக்கு மடியில் ஏதாவது கோளாறா?"

"இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அவர் மடி செல்லாது."

அறிவியல் படித்த மனிதர் என்பதால் காரணம் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. கடைசியில், "உங்கள் நாற்காலியில் ஊவே உட்காரட்டும். அணு வந்தால் அது யார் இருக்கிறார் என்று பார்க்காது" என்று சொல்லி அனுப்பிவைத்தார். அது சரிதான். ஆனால் ஐந்து வருஷமாகக் காத்திருக்கும் ஒன்று, நான் இல்லாத நாளாகப் பார்த்து வந்துவிட்டால் என்ன செய்வேன் என்ற எண்ணம் விமானத்தில் முழு வழியும் கூடவே வந்தது.

கிளம்பும்போது இங்கே கடும் குளிர். கோட்டைப் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறினேன். சென்னையில் இறங்கியதும் அது ஒரு சுமையாகிவிட்டது. கையில் தூக்கிக்கொண்டே மதுரை வந்து சேர்ந்தேன். தெப்பக்குளத்து வீட்டு வாசலில் நின்றிருந்த பாண்டிச்செல்வி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஓடிப்போய்த் துளசிராம் வேட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். "மாமா வந்துருக்காருடி" என்று வசந்தா சொன்னாள். பிள்ளை துளசி மாமாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, தலையை ஆட்டியது. "இவரு இல்ல" என்றது. எல்லாரும் சிரித்தோம். புது ஆள், நாளைக்குப் பழகிவிடும் என்றார்கள். சாக்லேட்டை வாங்கிக்கொண்டது, பொம்மையை வாங்கிக்கொண்டது, எட்ட நின்றே வாங்கிக்கொண்டது. நானும் இரண்டு நாள் முட்டி போட்டு ஆனையாகவும் குதிரையாகவும் நடந்து பார்த்தேன். ஆனையைப் பிடித்திருந்தது, என்னைப் பிடிக்கவில்லை.

சௌந்தரத்தின் குலசாமி கோயில் செக்கானூரணி தாண்டி மேற்கே, கண்மாய்க்கரைப் புளியமரங்களுக்குக் கீழே இருக்கிறது. விடியும்போதே வேனிலும் லாரியிலுமாகச் சனம் வந்து இறங்கிவிட்டது. என் கோட்டையும் கொண்டுவரச் சொல்லிச் சௌந்தரம் கேட்டுக்கொண்டார். "நம்ம ஆளுக பாக்கட்டும் மச்சான்." அதைக் கையில் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம் ஒரு சுற்றுக் காட்டிவந்தார். கை மாறிக் கை மாறிப் போனது கோட்டு. ஒருவர் தூக்கிப் பார்த்து, "ஏ அப்பா, எம்புட்டுக் கனம்" என்றார். இன்னொருவர், "இதத்தான் தேடுறாராக்கும்?" என்று கேட்டார். சௌந்தரம் மறுக்கவில்லை. ஐந்து வருஷமாக என் வேலையைப் பற்றி அவருக்கு இருந்த சங்கடம் அன்று தீர்ந்துபோனது. மச்சான் கனமான சாமான் தேடுகிறார் என்று சொல்லிவந்தாரே, இதோ சாமான், தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மனுஷனுக்குக் கிடைத்த மரியாதையை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்?

சீர்த்தட்டுகள் வந்தன. பலகை போட்டு என்னை உட்காரவைத்தார்கள். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆசாரி பொன் கம்பியோடு தயாராக இருந்தார். பிள்ளையைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தார்கள். வைத்த வேகத்தில் வழுக்கி இறங்கி ஓடியது. மறுபடி பிடித்துவந்தார்கள். இந்தத் தடவை என் கையைக் கடித்துவிட்டு, துளசிராம் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "இவரு மாமா இல்ல. எனக்குத் தெரியும்" என்று அழுதது. அந்தப் பிஞ்சுக் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. பூசாரி நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்றார். பெரியவர் ஒருவர், "அட, அந்தத் துளசி மடியிலயே வச்சுக் குத்துங்கப்பா. புள்ள எங்க உக்காருதோ அதான் மடி" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வசந்தா என்னையும் பார்க்கவில்லை, துளசிராமையும் பார்க்கவில்லை, சீர்த்தட்டில் இருந்த தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் காலை மடக்கி, வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தேன். இந்தப் பிள்ளை சொல்வதுதான் சரியோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

துளசிராம் பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தான். பிறகு மரத்தடிப் பக்கம் திரும்பி, "அண்ணே, அந்தக் கோட்ட இங்க குடுங்க" என்றான்.

"எதுக்குப்பா?" என்றார் சௌந்தரம்.

"குடுங்கண்ணே." என் பக்கம் திரும்பினான். "மாப்ள, அதப் போடு."

"இந்த வெயில்லயாடா?" என்றேன்.

"போடுங்கிறேன்ல. இவளுக்கு ஒன்னத் தெரியாது. கோட்டத்தான் தெரியும். அஞ்சு வருசமா அந்தப் படத்தக் காட்டித்தான் மாமா மாமான்னு சொல்லிக்குடுத்துருக்கேன். தொப்பி எங்க?"

தொப்பி கோட்டின் பையில்தான் இருந்தது. எழுந்து நின்று போட்டுக்கொண்டேன். பட்டன்களை எல்லாம் மாட்டி, தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டேன். மாசி மாதப் பத்து மணி வெயிலில், சுற்றி நின்ற சனம் அத்தனையும் வாயைப் பிளந்து பார்த்தது. இருந்த கூச்சம் போதாதென்று ஒரு கையைத் தூக்கி, இல்லாத காரின் மேல் வைத்தேன். பாண்டிச்செல்வி துளசிராம் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள். அழுகை நின்றது.

"கார் எங்க?" என்று என்னிடம் கேட்டாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

நான் பதில் தேடுவதற்குள், "பனியில மாட்டிக்கிருச்சு, மாமா விட்டுட்டு ஓடியாந்துட்டாரு" என்றான் துளசிராம். அவள் யோசித்தாள். காரை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றால் பெரிய விஷயம்தான் என்று பட்டிருக்க வேண்டும். இறங்கி வந்தாள். கோட்டின் முனையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன். வேர்வை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள், அந்த அளவுக்குக் கோட்டு உதவியது.

மொட்டை முடியும் வரை அவள் அசையவில்லை. நான்தான் நெளிந்தேன். "மாமன் கொஞ்சம் ஆடாம இருக்கணும்" என்று நாவிதர் அதட்டினார். மொட்டைத் தலையில் குழைத்த சந்தனத்தைப் பூசினார்கள். அடுத்து ஆசாரி வலது காதைப் பிடித்தார். துளசிராம் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். குத்தியதும் அவள் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்காய்கள் கிளம்பிவிட்டன. இடது காதுக்கும் சேர்த்து முன்கூட்டியே அழுதாள். அழுதுகொண்டே திரும்பி, ஈரச் சந்தனத் தலையை என் நெஞ்சில் முட்டிப் புதைத்துக்கொண்டாள். கறுப்புக் கம்பளியில் ஒரு சின்னத் தலை அளவுக்கு மஞ்சள் வட்டம் விழுந்தது.

ஜெர்மனிக்குத் திரும்பும் நாளில் பாண்டிச்செல்வி என்னை வழியனுப்பச் சம்மதித்தாள். கோட்டைத்தான் விடவில்லை. அதன் ஒரு கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மாமா போகட்டும், இது போகக்கூடாது" என்றாள். வசந்தா அடிக்கக் கையை ஓங்கினாள். நான் தடுத்துவிட்டு, கோட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இங்கே வந்து இறங்கியபோது இன்னும் பனி இருந்தது. சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் துளசிராம் கொடுத்த சால்வை என்று நடுங்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே ஊவே முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வந்துவிட்டது. ஒன்றே ஒன்று. தாய் உமிழ்ந்த ஆல்ஃபா துகள் கருவியில் சிக்காமல் பின்பக்கமாகத் தப்பிப் போயிருந்தது. தாய் முகத்தைக் காட்டவில்லை. ஆனால் மகளும் பேத்தியும் வரிசையாக வந்து, கொஞ்சமும் பிசகாமல் சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். "உன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்" என்றான் ஊவே, மன்னிப்புக் கேட்கும் குரலில். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவன் கருவி அச்சடித்துத் தந்த காகிதச் சுருளை விரித்து அந்த வரியைக் காட்டியபோது தேதியைப் பார்க்காமல் கண்ணை நகர்த்திக்கொண்டேன். பார்த்தால் காது குத்திய நாளாக இருந்துவிடுமோ என்று பயம். இன்று வரை பார்க்கவில்லை.

"உன் காதுத் துளை என்னவாயிற்று?" என்று கேட்டான்.

"விழுந்துவிட்டது. இரண்டு."

"அப்படியென்றால் நீ இரண்டு, நாங்கள் ஒன்று" என்று சொல்லிக் காப்பி வாங்கிக்கொடுத்தான்.

கட்டுரை அச்சானபோது குழுவினர் எல்லார் பெயரோடும் என் பெயரும் இருந்தது. பெருமைக்காக ஒரு பிரதியை, என் நாற்காலியில் ஊவே உட்கார்ந்திருந்த கதையையும் எழுதி, மதுரைக்கு அனுப்பினேன். சௌந்தரம் பதில் எழுதியிருந்தார். 'மச்சான், வேலைய அந்த வெள்ளக்காரத் தம்பி பாத்துருக்காப்ல, பேரு ஒங்களுக்கும் வந்துருக்கு. இங்க நம்ம துளசி மாதிரி. ரெண்டு பக்கமும் நல்ல ஆளாப் பாத்து வச்சிருக்கீக.' வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் துளசிராமுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நன்றி என்று எழுதி, அது நன்றாக இல்லையென்று அடித்துவிட்டு, குளிருக்குச் சால்வை பத்தவில்லை என்று எழுதினேன். அவனுக்குப் புரிந்திருக்கும்.

வசந்தாவின் கடிதத்தில் கோட்டுச் சேதி இருந்தது. கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்களாம். சந்தனக் கறையைத் துவைக்க எடுத்தால் பாண்டிச்செல்வி அலறுகிறாளாம். காதில் கம்மல் ஆட, பள்ளிக்கூடம் போகும்போது அதன் கையைத் தொட்டுவிட்டு, 'போயிட்டு வாரேன் மாமா' என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாளாம். வீட்டுக்கு யார் வந்து என்னைப் பற்றி விசாரித்தாலும் அவளே முந்திக்கொண்டு ஆணியைக் காட்டி, 'மாமா இங்கனதான இருக்காரு' என்கிறாளாம்.

அந்தக் கடிதத்தை என் அறையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். புதுக் கோட்டு வாங்க இன்னும் மனசு வரவில்லை, வெளியே ஆணி காலியாக இருந்தது. ஃப்ராவ் லிண்டேயின் மேசையில் தொலைபேசி அடித்தது. யாரோ என்னைக் கேட்கிறார்கள் போலிருக்கிறது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. ஆணியைப் பார்க்கிறார்.

"இல்லை, அவர் வரவில்லை. இன்னும் மதுரையில்தான் இருக்கிறார்" என்றார்.

கதவு திறந்துதான் இருந்தது. நான் எழுந்து போகவில்லை.